நானூற்று எண்பது நாட்கள்



இரவு ஒன்பதரை மணிக்குமேல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு வரும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். மாம்பலத்தில் ஒரு கூட்டம் ஏறும். பெரும்பாலோர் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளைஞர்களும் பெண்களும். ஒரே நிறத்தில் சட்டை, ஒரே நிறத்தில் புடைவை. ஏறியதும் அவர்கள் செய்யும் முதற்காரியம் உட்காருவது. இருக்கை கிடைக்காவிட்டால் வாசற்படிக்கு அருகில் தரையிலேயே அமர்ந்துவிடுவார்கள். பகல் முழுதும் துணிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நின்ற கால்கள் அவை. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் இப்போது பெரிய கடைகள் எழுந்துவிட்டமையால், ரயில் ஏறாமல் நடந்தே வீடு திரும்புவோரும் உண்டு. கால் வலி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் சேலையூர்த் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தியும் இருப்பாள். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். ஒரு நாள் நடைமேடையில் என்னிடம், "மாமா, எங்கள் கடையில் என்னைப் பயிற்சியாள் என்கிறார்கள். எப்போது நிரந்தரம் ஆவேன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நிரந்தரம் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு, அம்மா" என்றேன். ரயில் வந்துவிட்டது, கணக்கைச் சொல்ல நேரம் இல்லை. அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல விழைகிறேன். உங்களுள் பலர் கல்லூரி விடுமுறையில் கடை வேலைக்குச் செல்கிறீர்கள். படிப்பு முடிந்தபின் அதுவே முதல் வேலையாகவும் அமையலாம். ஆகவே இது உங்கள் கணக்குத்தான்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-ஆம் ஆண்டில் நான் ஒரு துணிக் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன். மாதம் 900 ரூபாய் சம்பளம். வேட்டிப் பிரிவில் நிற்பேன்; கூட்டம் குறைந்தபோது, பிரித்துப் போட்ட சரக்கை மடித்து அடுக்குவேன். ஐந்து மாதம் ஆனதும் மேலாளர், "நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வா" என்றார். போய்வந்தேன். மறுபடியும் ஐந்து மாதம்; மறுபடியும் நான்கு நாள். முதலாளி இரக்கமுள்ளவர், கேளாமலே விடுமுறை தருகிறார் என்று நான் மகிழ்ந்திருந்தேன்!

மூன்று ஆண்டுகள் சென்றன. தங்கையின் திருமணச் செலவை எண்ணி, சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தரும்படி கேட்டேன். மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். "நீ சேர்ந்து நான்கு மாதந்தானே ஆகிறது?" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. நான் ஊரிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் என் பெயர் புதிதாக எழுதப்பட்டிருந்தது. ஒரு முறை முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. இன்னொரு முறை பின்னால் இருந்தது. ஏட்டின்படி நான் ஓர் ஆள் அல்லன், ஏழு ஆட்கள்! அவர்களுள் ஒருவனும் ஆறு மாதம் வேலை பார்க்கவில்லை. நான் மூன்றாண்டு நின்றதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அந்த ஆறு மாதத்தில் என்ன சூட்சுமம் இருக்கிறது? பிற்காலத்தில் நான் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலைக்கு அமர்ந்து, அங்குள்ள சங்கத்தின் செயற்குழுவில் இருந்தபோதுதான் அது விளங்கிற்று. 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் தமிழ்நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்பது அதன் பொது விதி. அதற்கு மேல் வேலை வாங்கினால், அந்த நேரத்திற்கு இரு மடங்கு ஊதியம். வாரம் ஒரு நாள் விடுமுறை. இவற்றோடு, 41-ஆம் பிரிவில் ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது. நீக்கினால் அவர் மேல்முறையீடு செய்யலாம். ஆறு மாதம் என்பது அந்தக் காப்பின் வாசற்படி. அந்தப் படியில் என் கால் படாதபடி ஐந்தாம் மாதத்திலேயே என்னை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இனி, எங்கள் தெருப் பெண் கேட்ட நிரந்தரம். ஆறு மாதத்தில் கிடைப்பது நீக்கத்திற்கு எதிரான காப்பு. அது நிரந்தரம் ஆகாது. நிரந்தரத்திற்கென்றே தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று வந்தது. தொழில் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் என்பது அது. தொழிற்சாலைகளோடு, 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் நிறுவனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. எல்லா இடத்திற்கும் அது பொருந்திவிடாது; கட்டுமான வேலைக்கு இல்லை; நீங்கள் சேரும் இடம் அதன் வரம்புக்குள் வருகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வருமாயின் அதன் விதி எளியது. 24 மாத காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும்.

இந்த 480 நாள் கடினமான எண்ணா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாட்கள். வார விடுமுறை 104 நாட்களைக் கழித்தால் 626 மிஞ்சும். அவற்றுள் 480 நாட்கள் வேலை செய்தால் போதும். நோய்க்காகப் படுத்ததாலும், முறையாகப் பெற்ற விடுப்பாலும், விபத்தாலும், தொழிலாளியின் குற்றமின்றி வேலை நின்றதாலும் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே ஒழுங்காக வேலைக்கு வரும் எவரும் இந்த எண்ணை எட்டிவிடுவார். எட்டவில்லை என்று ஒருவர் சொன்னால், குறை அவருடைய உழைப்பிலா, ஏட்டிலா என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஆட்களைப் பல ஆண்டுகள் தற்காலிகமாகவே வைத்திருந்து நிரந்தரத் தகுதியை மறுப்பதை, நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறுச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்தக் குற்றம் பட்டியலில் இருக்கிறது. எனவே எனக்குக் கிடைத்த நான்கு நாள் "விடுமுறை" தந்திரமே தவிர உரிமை அன்று; நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகக் கூடியது. ஆனால் கேள்வி கேட்கச் சான்று வேண்டும். சான்று இல்லாதவனுக்குச் சட்டம் பூட்டிய வீடு.

இனிச் சம்பள உயர்வுக்கு வருவோம். உயர்வு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று வேறு பொருள்கள்.

முதலாவது அகவிலைப்படி. விலைவாசி ஏறும் அளவுக்குச் சம்பளத்தில் சேர்ப்பது. கடைப் பணியாளருக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படை ஊதியமும் இந்தப் படியும் உண்டு. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி, ஏப்ரல் முதல் நாள்தோறும் படியைத் திருத்தும் முறை தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்துவருகிறது. இது உயர்வு என்று பெயர் பெற்றாலும் உயர்வு அன்று. ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் 12,000 ரூபாய் பெறுகிறார். ஓர் ஆண்டில் விலைகள் நூற்றுக்கு ஆறு ஏறின என்று வைத்துக்கொள்வோம். அவர் சென்ற ஆண்டு வாங்கிய அரிசியையும் பருப்பையும் அதே அளவு வாங்க இன்னும் 720 ரூபாய் வேண்டும். 720 கிடைத்தால் அவர் நின்ற இடத்தில் நிற்கிறார். முதலாளி 500 ரூபாய் கொடுத்து, "உயர்த்திவிட்டேன்" என்றால், உண்மையில் 220 ரூபாய் குறைந்திருக்கிறது. கைக்கு வரும் தொகையும் அது வாங்கும் பொருளும் ஒன்றல்ல என்பதைக் கல்லூரியில் பொருளாதாரம் பயில்வோர் அறிவார்கள். கடையில் நிற்பவர்கள் மாதக் கடைசியில் அறிகிறார்கள்.

இரண்டாவது ஆண்டு உயர்வு. அனுபவம் கூடக்கூடச் சம்பளமும் ஒரு படி ஏறுவது. இதற்குக் காலமுறை ஊதியம் வேண்டும். ஏணி இருந்தால்தானே படி ஏறலாம்? தொகுப்பூதியம் என்பது ஏணி இல்லாத தரை. ஒரே தொகை, ஆண்டு எத்தனை சென்றாலும் யாராவது மனம் வைத்து உயர்த்தினாலன்றி உயராது.

மூன்றாவது ஒப்பந்த உயர்வு. சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே அமர்ந்து பேசி, இத்தனை ஆண்டுகளுக்கு இன்ன ஊதியம் என்று எழுதிக் கையெழுத்திடுவது.

இவை நூலறிவாக மட்டும் நிற்க வேண்டா. இரண்டு கண்கண்ட எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

உங்கள் தெருவிலுள்ள நியாயவிலைக் கடையை எண்ணிப் பாருங்கள். அங்கே அரிசி அளப்பவர்களுள் பெரும்பாலோர் கூட்டுறவுச் சங்கங்களின் பணியாளர். இந்தக் கூட்டுறவுக் கடை மரபு நமக்குப் புதிதன்று. திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டிலேயே நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் நியாயவிலைக் கடைகளுக்கு ஆள் எடுத்தபோது வெளியிட்ட அறிவிப்பில், விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு 6,250 ரூபாய் தொகுப்பூதியம் என்றும், அதன்பின் 8,600 முதல் 29,000 ரூபாய் வரையுள்ள ஊதிய விகிதம் என்றும் எழுதியிருந்தார்கள். கட்டுநருக்கு முதலாண்டு 5,500. பின்னர் 7,800 முதல் 26,000 வரை. தொடக்கத் தொகை சிறியதுதான். அதை நான் புகழவில்லை. ஆனால் அறிவிப்பைப் படிக்கும் ஒரு மாணவன், தரை எங்கே முடிகிறது, ஏணி எங்கே தொடங்குகிறது, ஏணியின் உச்சி எது என்று மூன்றையும் வேலையில் சேருமுன்பே அறிந்துகொள்கிறான். பயிற்சிக் காலம் என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. எங்கள் தெருப் பெண் சிரிப்பைப் பதிலாகப் பெற்றாளே, அந்தக் கேள்விக்கு இங்கே எழுத்தில் விடை இருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு, அரசே நடத்தும் மதுபானச் சில்லறைக் கடைகள். அங்கே விற்கும் பொருளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் கருத்துக்கள் இருக்கலாம். அது வேறு நாட் பேச்சு. இங்கே பணியாளரின் நிலையை மட்டும் கவனியுங்கள். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகம் ஏற்றுக்கொண்டபோது, மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று ஆட்களைத் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். பல சங்கங்கள் தோன்றின. பணி நிரந்தரமும் காலமுறை ஊதியமும் அவற்றின் இடையறாத கோரிக்கை. 2023-இல் மேற்பார்வையாளருக்கு 1,100 ரூபாயும், விற்பனையாளருக்கு 930 ரூபாயும், உதவி விற்பனையாளருக்கு 840 ரூபாயும் உயர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் 23,629 பணியாளருக்கு ஒரே சீராக 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நாளில் அறிவிப்பாக வந்த உயர்வு அது. தொகுப்பூதியத்தில் இருபத்திரண்டாம் ஆண்டு! உயர்வு வருகிறது, வராமலில்லை. ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று பணியாளர் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. ஏணியில் ஏறுவதற்கும், மேலேயிருந்து ஒருவர் கை கொடுத்துத் தூக்குவதற்குமுள்ள வேறுபாடு அதுதான்.

அந்த இரு உயர்வுகளிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2023-இல் பதவிக்கு ஏற்ற தொகை; 2025-இல் எல்லோருக்கும் ஒரே தொகை. எது நியாயம்? 12,000 ரூபாய் பெறுபவருக்கு 2,000 சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு உயர்வு. 20,000 பெறுபவருக்கு அதே தொகை பத்தில் ஒரு பங்குதான். இருவருக்குமிடையே இருந்த 8,000 ரூபாய் இடைவெளி மாறவில்லை. நூற்றுக்குப் பத்து என்று விகிதமாகக் கொடுத்தால், ஒருவருக்கு 1,200, மற்றவருக்கு 2,000. இடைவெளி 8,800 ஆகிவிடுகிறது. சங்கக் கூட்டங்களில் மூத்தவர்களும் இளையவர்களும் இதைப் பற்றி வாதிடுவதை நான் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். சங்கம் என்றால் எல்லோரும் ஒரே குரலில் பேசும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் தம்முள் வாதாடி முடித்து, வெளியே வரும்போது ஒரே குரலாக வரும் இடம்.

சங்கத்தின் கதை நம் ஊருக்கு அயலானதன்று. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றார்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் குறைகளைக் கேட்டு, அவர்களை ஒன்றுசேர்க்க முதலில் முனைந்த செல்வபதி செட்டியார் ஒரு வணிகர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். கடைக்காரர்கள் எல்லோரும் தொழிலாளிக்குப் பகைவர் அல்லர்.

சங்கம் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்குச் சட்ட வலிமை உண்டு. நிர்வாகமும் சங்கமும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை, அதில் சேர்ந்தவர்களைக் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்பட்டால், சங்கத்தில் சேராதவரையும், நாளை வேலைக்கு வரப்போகிறவரையும் கூடக் கட்டுப்படுத்தும். ஒரே இடத்தில் பல சங்கங்கள் இருந்தால் யாரோடு பேசுவது? புதிய தொகுப்புச் சட்டத்தின்படி, நூற்றுக்கு 51 பேருக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கமே பேச்சு நடத்தும் சங்கம்; அத்தகைய சங்கம் இல்லையேல் சங்கங்கள் கூடிய பேச்சுக் குழு. அமெரிக்காவில் சங்கம் உள்ள பல பேரங்காடிகளில், ஊதியம் எத்தனை மணி நேர வேலைக்குப் பின் எந்தப் படிக்கு ஏறும், பகுதிநேரப் பணியாளர் எந்தப் பணிமூப்பு வரிசையில் முழுநேரத்திற்கு வருவார் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். அங்கும் மூத்தவருக்கு முதலிடம் என்னும் விதியால் புதியவர் நெடுநாள் காத்திருக்கும் குறை உண்டு. ஆயினும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணிக்கை குறைந்தவர்களாலும் சில காரியங்கள் முடியும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்ற பெண்கள், உட்கார ஒரு நாற்காலி கேட்டுப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, கடைப் பணியாளருக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. ஒரு நாற்காலி சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 74 ஆண்டுகள் ஆயின.

முதலாளிகளின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் என் பேச்சு ஒருதலையாகிவிடும். தாம்பரம் சண்முகம் சாலையில் இரண்டு ஆட்களை வைத்துக் கடை நடத்துபவர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் வியாபாரத்தை நம்பியிருக்கிறார். ஆனி மாதத்தில் ஈ ஓட்டும்போதும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும். அவருடைய சங்கடம் உண்மையானது. பண்டிகைக் காலத்துக்கு மட்டும் ஆள் வேண்டுமானால், மட்டும் என்று சொல்லியே சேர்த்துக்கொள்ளலாம். அதில் வஞ்சனை இல்லை. ஆண்டு முழுதும் வேலை வாங்கிக்கொண்டு, ஏட்டில் மட்டும் பண்டிகைக் கால ஆளாக வைத்திருப்பதுதான் வஞ்சனை. வேலை நீளமானது, பெயர் குறுகியது என்றால், அந்த வேறுபாட்டை யாரோ ஒருவர் தம் வாழ்நாளால் நிரப்புகிறார்.

மாணவ நண்பர்களே, நீங்கள் வேலையில் சேரும் நாளில் மூன்று காரியங்கள் செய்யுங்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் அதைத் தருவது, 2025 நவம்பரில் வந்த சட்டங்களின்படி கட்டாயம். சம்பளம் பெற்றதற்குச் சீட்டோ வங்கிக் கணக்கின் பதிவோ சேர்த்துவையுங்கள். இவற்றோடு, பள்ளிக் குறிப்பேடு ஒன்று வாங்கி, வேலைக்குச் சென்ற நாளையும், வந்த நேரத்தையும், போன நேரத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். இரண்டு ரூபாய்ப் பேனாவால் எழுதுவது என்று இகழ வேண்டா. என்னிடம் அந்தக் குறிப்பேடு இருந்திருந்தால், ஏழு ஆட்களாகச் சிதறிய நான் ஒரே ஆளாக எழுந்து நின்றிருப்பேன்.

சென்ற வாரம் அதே நடைமேடையில் அந்தப் பெண்ணை மறுபடியும் கண்டேன். கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினாள். முதற்பக்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த தேதி. அதன்பின் வரிசையாக நாட்கள். "இன்றோடு 212, மாமா" என்றாள்.

"இன்னும் 268 இருக்கிறதே, அம்மா" என்றேன்.

"இருக்கட்டும், மாமா. எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள்.